அணியம் ஒங்கட பாரம்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிடுவதென்று அந்த வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் முடிவெடுத்தேன்.

கேட்கிறவர்களுக்கு இது சின்ன முடிவாகத்தான் தெரியும். ஆசியா உம்மாவை அறியாதவர்களுக்கு அப்படித்தான் தெரியும். கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு நண்டு வளை மாறினால் அவளுக்குத் தெரியும். ஏன் மாறியது என்பதும் தெரியும். அதனால் கொல்லைப்பக்கம் போய், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று, அதே முடிவை இன்னொரு தடவை எடுத்தேன்.

விசயம் இதுதான். என்னுடைய போட் துள்ளுகிறது.

போட் என்றதும் மீன்பிடி போட் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னது. சிவப்பு. நீர்கொழும்பில் யாரோ ஒரு ஆசைக்காரன் பந்தயம் ஓட்டச் செய்வித்து, ஆசை தீர்ந்ததும் விற்றது. மெலிந்த உடம்பு, கூரான மூக்கு, அந்த உடம்புக்குப் பொருத்தமில்லாத பெரிய எஞ்சின். உள்நாட்டுச் சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு எங்கள் பக்கம் லொட்ஜுகள் முளைத்தன. டொல்பின் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் பெரிய போட்டில் ஆடி அசைந்து கூட்டிப் போகிறார்கள், முத்தலிபு மட்டும் பறந்து கூட்டிப் போவான் என்று ஊர் பேச வேண்டும் என்பது என் எண்ணம். முத்தலிபு நான்தான்.

மெதுவாகப் போனால் அது தங்கமான போட். தொட்டில் மாதிரி. வேகம் எடுத்தால் குணம் மாறும். மூக்கு மேலே எழும்பும், டபாரென்று தண்ணீரில் விழும், திரும்ப எழும்பும், திரும்ப விழும். அலை அடிக்கிற கடலில் என்றால் அலையைக் குற்றம் சொல்லலாம். இது கரைக்கு உள்பக்கம் அலையில்லாமல் கிடக்கிற களப்பில். கண்ணாடி போலக் கிடக்கிற தண்ணீரில் என்னுடைய போட் மட்டும் தவளை. எஞ்சின் கையை இன்னும் கொஞ்சம் திருகினால் வலமும் இடமுமாக இடுப்பை ஆட்டத் தொடங்கும். அதற்கு மேல் நான் திருகிப் பார்த்ததில்லை. எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இது ஏன் ஆசியா உம்மாவுக்குத் தெரியக்கூடாது? போட் வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு கதை நடந்தது.

"இதென்ன போட்?"

"வேகமான போட்."

"வேகமாப் போய் என்ன செய்யப் போறீங்க? டொல்பின் என்ன புத்தளம் பஸ் புடிக்கவா ஓடுது?"

"உனக்கு வெளங்காது ஆசியா."

"சரி, எனக்கு வெளங்காது. சீசன் தொடங்கக்குள்ள இது ஒரு லொட்ஜுக்கு ஓடணும். ஓடாட்டி நஜாத்துக்குக் குடுத்திருவம். அவருக்கு வெளங்கும்."

நஜாத் அவளுடைய தங்கச்சி மாப்பிள்ளை. முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கிறார். ஒருநாள் வந்து என் போட்டைச் சுற்றிப் பார்த்தார். மூக்கைத் தடவினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சொன்னார்: "நல்ல சாமான் நாநா. இறால் தீன் மூடை கனக்க ஏத்தலாம்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை கெட்டது. கண்ணை மூடினால் என் சிவப்புப் போட், மீன்தூள் நாற்றத்தோடு, பண்ணை வாய்க்காலில் நின்று என்னைப் பார்க்கிறது.

இந்த நிலையில்தான் அந்த வியாழக்கிழமை லொட்ஜ் மனேஜர் ஸியாத் வந்தார். கண்டியில் இருந்து வந்த இளம் பொடியன். மரியாதையானவர். மரியாதையாகவே கழுத்தைப் பிடிப்பார்.

"நாநா, போன சீசன்ல வேற ஒரு போட்ல போன கிழவன் ஒராளுக்கு முதுகு புடிச்சிக்கொண்டது. இன்னம் எழுதி எழுதி நட்டஈடு கேக்கிறான். அதால இந்த முறை நானே ஏறிப் பாத்துத்தான் போட் எடுக்கிற."

"பாருங்க தம்பி. தாராளமாப் பாருங்க."

"ஞாயித்துக்கெழம காலம வாறேன். கையில பிளேன்டி ஒண்டு வெச்சிக்கொண்டு இருப்பேன். ஃபுல் ஸ்பீட்ல ஓட்டுங்க. தேத்தண்ணி சிந்தாட்டி சீசன் முழுக்க ஒங்கட போட்தான்."

"சிந்தாது" என்றது நாக்கு.

சிந்தும், சிந்தும் என்றது வயிறு.

அவர் போனதும்தான் நான் மேலே சொன்ன முடிவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் போட்டின் துள்ளலை நிற்பாட்டுவது. துள்ளியது என்பதே ஆசியா உம்மாவுக்குத் தெரியாமல் நிற்பாட்டுவது.

அப்படியே கற்பிட்டிக்கு பஸ் ஏறினேன். எஞ்சின் திருத்துகிற அலியாரைப் பிடித்தேன். அலியார் கையில் கிரீஸோடு கேட்டான்.

"போட் ஓடக்குள்ள ஆர் எங்க இருக்கிற?"

"நான்தான். பின்னுக்கு. எஞ்சினைப் புடிச்சிக்கொண்டு."

"பெற்றோல் கேன்?"

"பின்னுக்கு."

"பெற்றரி?"

"அதுவும் எனக்குப் பக்கத்தில. கைக்கு லேசு எண்டு வெச்ச."

அலியார் என்னைத் தலையில் இருந்து கால் வரைக்கும் பார்த்தான். நடுவில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். ஆசியா உம்மா வேறு சொல் பாவிப்பாள்.

"நாநா, கோவிக்க வாணாம். நோய் போட்டில இல்ல. பாரம் முழுக்கப் பின்னுக்கு இருக்கு. பின் தாழுது, மூக்கு எழும்புது. எழும்பின மூக்கு நிக்க ஏலாமத் திரும்ப விழுது. அதுதான் துள்ளல். அணியத்துக்குப் பாரம் குடுங்க, அடங்கும்."

அணியம் என்றால் போட்டின் முன்பக்கம். மூக்குப் பக்கம்.

"எவ்வளவு பாரம்?"

"ஒங்கள்ல பாதி போதும். எஞ்சினையும் கொண்டு வாங்க, சரிவு புடிக்கிற கம்பியை ஒரு ஓட்டை உள்ளுக்கு இழுத்துப் பூட்டித் தாறேன். மூக்கை இன்னம் கொஞ்சம் அமத்தும்."

எஞ்சினைக் கழற்றித் தூக்கி ஊருக்குள்ளால் கொண்டு போனால் அதை ஆசியா உம்மா பார்ப்பாள். "பாரம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எதைப் பாரமாக வைப்பது? மணல் வைக்கலாம். எங்கள் ஊரில் மணலுக்கா பஞ்சம்? ஆனால் ஒரு மனிதன் கடற்கரையில் மணலைச் சாக்கில் அள்ளிப் போட்டில் ஏற்றினால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று கேட்பார்கள். கேட்டது மஃரிபுக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடும். கல்லும் அப்படித்தான்.

உப்பு.

போட்டுக்கு உப்பு கொண்டு போனால் எங்கள் பக்கத்தில் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். மீனுக்கு உப்பு போகிறது என்று நினைப்பான். அதோடு, உப்பு வீட்டிலேயே இருந்தது. ஆசியா உம்மா கருவாடு போடுகிறவள். குசினிக்குப் பின்னால் புத்தளத்து உப்பு மூடை மூடையாக அடுக்கியிருக்கும். அடுக்கில் பின்வரிசையில் இரண்டை எடுத்தால் முன்னால் இருந்து பார்க்கிறவளுக்குத் தெரியாது. என் மூளையை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆசியா உம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, சைக்கிளில் ஒவ்வொரு மூடையாகத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவது மூடையோடு போகும்போது பக்கத்து வீட்டுக் கத்தரினா வேலியடியில் நின்றாள். மீன் விற்கிறவள். மீனைப் பார்க்கிற மாதிரியே மனிதரையும் செவிளைத் தூக்கிப் பார்ப்பாள்.

"முத்தலிபு நாநா, உப்பு எங்க போகுது?"

"கடலுக்கு."

"ஏன், கடல்ல உப்புக் குறைஞ்சிட்டா?"

"மீனுக்கு, கத்தரினா. மீனுக்கு."

"நீங்க மீன் புடிக்கிறல்லயே. டொல்பின் காட்டத்தானே போறீங்க."

"ஓம், டொல்பினுக்குத்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"டொல்பினையா கருவாடு போடப் போறீங்க?" என்றாள் கத்தரினா.

நான் சைக்கிள் மணியை அடித்தேன். எதிரில் ஒரு ஆடு மட்டும் நின்றது. அது விலகிக்கொண்டது.

ஜும்ஆ முடிந்து களப்புக்குப் போனேன். உப்பு மூடை இரண்டும் அணியத்தில் இருந்த சின்னப் பெட்டிக்குள் மாப்பிள்ளை பெண் மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன. பிஸ்மில்லாஹ் சொல்லி எஞ்சினைப் போட்டேன். திருகினேன். மூக்கு எழும்பியது. என் உயிரும் எழும்பியது. மூக்கு மெல்ல இறங்கியது. பிறகு எழும்பவே இல்லை. தண்ணீருக்கு இஸ்திரி போடுகிற மாதிரிப் போட் போனது. இன்னும் திருகினேன். இடுப்பை ஆட்டவில்லை. நான் தனியாக இருந்து சிரித்தேன். தூரத்தில் ஒரு தோணிக்காரன் எனக்குக் கை காட்டினான். சுகமில்லாத ஆள் என்று நினைத்திருப்பான்.

கரைக்கு வந்து மனேஜருக்கு ஃபோன் எடுத்தேன். "தம்பி, பிளேன்டி என்ன, சூப்பே கொண்டு வாங்க" என்றேன்.

உப்பைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. கொண்டு போனால் கத்தரினா திரும்பவும் வேலியடியில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அன்று இரவு நல்ல மழை. ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் பல நாளைக்குப் பிறகு நான் குழந்தை மாதிரித் தூங்கினேன். சனிக்கிழமை காலையிலும் மழை விடவில்லை. நான் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அதை ரசித்தேன். ரசித்துக்கொண்டிருக்கும்போது குசினிப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"ஸஃப்னாட வாப்பா."

ஸஃப்னா எங்கள் மகள். கலியாணம் முடித்துப் புத்தளத்தில் இருக்கிறாள். அவள் பேரைச் சொல்லி ஆசியா உம்மா என்னைக் கூப்பிட்டால் ஒன்றில் சோறு ஆறுகிறது, இல்லாவிட்டால் விசாரணை. சோற்று நேரம் இன்னும் ஆகவில்லை.

"உப்பு மூடை ரெண்டு குறையுது."

"எலியா இருக்கும்."

"எலி உப்புத் தின்னுமா?"

"இந்தக் காலத்து எலி எல்லாம் தின்னுது."

"சாக்கோடயா?"

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். கோப்பையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் குடித்தேன்.

"அப்ப அந்த எலிக்குப் பிரசர் வந்திருக்கும்" என்றாள். "கண்டா செல்லுங்க, டொக்டரிட்டக் காட்டுவம்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். ஆசியா உம்மா கதைத்தால் எனக்குப் பயமில்லை. கதையை நிற்பாட்டினால்தான் பயம். பகல் சாப்பாட்டின்போதும் கதைக்கவில்லை. குழம்பில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனாள். நான் களப்புக்கு ஓடினேன். கடைசியாக ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டால் மனம் ஆறும்.

போட்டில் ஏறித் திருகினேன். மூக்கு எழும்பியது. இறங்கும் என்று காத்திருந்தேன். டபாரென்று விழுந்தது. எழும்பியது. விழுந்தது. முன்னைவிட மோசம். முன்பு தவளை, இப்போது கங்காரு. என் தொப்பி போய்த் தண்ணீரில் விழுந்தது. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அணியப் பக்கம் தவழ்ந்து போனேன். பெட்டியைத் திறந்தேன்.

சாக்கு இரண்டும் இருந்தன. உள்ளே இருந்தவர்தான் இல்லை. மழைத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. உப்பு கரைந்து, பெட்டி ஓட்டையால் வழிந்து, பலகைக்குக் கீழால் ஓடிப் பின்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். களப்பைவிட உப்பு. முன்னுக்கு வைத்த பாரம் தானாகவே நடந்து பின்னுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அறுபது வயது மனிதன். கடலோரத்தில் பிறந்தவன். உப்புக் கரையும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தேன். கால் ஒன்று முன்னுக்குப் போக ஒன்று பின்னுக்கு இழுத்தது. நாளைக்குக் காலையில் மனேஜர் வருவார். தேத்தண்ணீர் சிந்தும். சீசன் போகும். திங்கட்கிழமை நஜாத் லொறியோடு வந்து நிற்பார். இறால் தீன் மணம் அப்போதே மூக்கில் அடித்தது.

ஆசியா உம்மா வாசலில் இருந்தாள். குடை மடித்து வைத்திருந்தது.

"நாளைக்கு நானும் வாறேன்" என்றாள்.

"எங்க?"

"போட்டில. மனேஜர்ட பொஞ்சாதியும் வாறாவாம். தனிய ஒரு பொம்புள எப்பிடி வாற?"

"வாணாம் ஆசியா. அது வேகமான போட்."

"போட் நல்லா ஓடுதுதானே?"

"நல்லா ஓடுது."

"அப்ப என்ன பயம்?"

"பயமா? எனக்கா?"

அவள் என் தலையைப் பார்த்தாள். தொப்பி எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் ஒண்டு யோசிச்சன்" என்றாள். "பெரிய போட்டுகள்ல பாத்திருக்கிறீங்கதானே. முன்னுக்கு ஒராள் இருந்து வழி பாத்து, ஆக்களோட கதைச்சி, டொல்பினைக் காட்டும். அது அனுபவம் உள்ள ஆள் செய்ற வேல. எஞ்சினைப் புடிக்கிறது பெரிய காரியமா? அதை நான் செய்றேன்."

"நீயா?"

"வாப்பாட போட்டில எஞ்சினை ஆர் புடிச்ச? வாப்பாவுக்கு ஆம்புளப் புள்ள இருந்திச்சா?"

அது மெய்தான். அவள் மன்னார்க்காரி. தொண்ணூறில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றிய போது குடும்பத்தோடு புத்தளத்துக்கு வந்தவள். அவளுடைய வாப்பா மீன்பிடிக்கப் போகும்போது மூத்த மகளையும் ஏற்றிப் போவாராம். கலியாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதாவது, முன்னால் இருந்திருக்கிறேன்.

"எஞ்சின் எனக்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "அணியம் ஒங்கட பாரம்."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் பாரம் என்றால் பொறுப்பு. பள்ளிவாசலைப் பூட்டுகிற திறப்பு, பாங்கு சொல்கிற மோதினாரின் பாரம். புதுப் பிரின்சிபல் வந்தால் பள்ளிக்கூடத்தைப் பாரம் எடுப்பார். ஆக, போட்டின் முன்பக்கம் முழுவதும் என் பொறுப்பு என்று என் மனைவி தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அதுவும் போக, அந்த நேரத்தில் என் மூளையில் மின்னல் ஒன்று அடித்தது. எஞ்சினைப் பிடிக்கிறவள் அவள். நாளைக்குப் போட் துள்ளினால் யார் துள்ளவைத்தது? அவள். தேத்தண்ணீர் சிந்தினால் யார் சிந்தவைத்தது? அவள். "நான் ஓட்டியிருந்தா இப்பிடி வந்திருக்குமா தம்பி" என்று மனேஜரிடம் ஒரு வார்த்தை, "இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்று இன்னொரு வார்த்தை. நஜாத்தின் லொறி வெறும் லொறியாகத் திரும்பும்.

"நீ இவ்வளவு ஆசப்பட்டுக் கேக்கிற" என்றேன். முகத்தைக் கஷ்டமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டேன். "சரி. இந்த ஒருதரம்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஆசியா உம்மா. குழம்பில் இரவுக்கு உப்பு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சேட்டும் மகன் முறையான ஒருவன் சவூதியில் இருந்து கொண்டு வந்த கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனேன். பொறுப்பான ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். ஆசியா உம்மா சுபஹ் தொழுத கையோடு முதலே போய்விட்டிருந்தாள். நான் போகும்போது போட்டின் தண்ணீர் எல்லாம் இறைத்துத் துடைத்திருந்தது. பெற்றோல் கேனும் பெற்றரியும் பின்னால் இல்லை. நடுவுக்குப் போயிருந்தன.

"இதென்னத்துக்கு?"

"காலில தட்டுது" என்றாள்.

பெண்கள் ஓட்டினால் இப்படித்தான், முதலில் வீடு கூட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸியாத் வந்தார். கையில் கண்ணாடிக் கிளாஸில் பிளேன்டி, விளிம்பு முட்ட. கூட அவருடைய மனைவி நிஃப்லா. இரண்டு பேரும் நடுவில் இருந்தார்கள். ஆசியா உம்மா முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் இருந்தாள். அவள் இருந்ததே தெரியவில்லை. கருவாடு மாதிரி உடம்பு. நான் அணியத்தில் ஏறி, அவர்கள் பக்கம் பார்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஏறியதும் மூக்கு ஒருதரம் குனிந்தது. மரியாதை செய்கிறது என்று நினைத்தேன்.

"ராத்தாவா ஓட்டுற?" என்றார் ஸியாத். கிளாஸைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"ஓம் தம்பி. முன்பக்கம் முழுக்க என்ட பாரம்" என்றேன்.

ஆசியா உம்மா திருகினாள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். துள்ளினால் பழி அவளுக்கு. அது நல்லது. ஆனால் துள்ளினால் முதலில் ஆகாயத்துக்குப் போகிறவன் நான். அதை முதல் நாள் யோசிக்கவில்லை. ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். பாதியில் எங்கே விட்டேன் என்று மறந்து திரும்பத் தொடங்கினேன். எஞ்சின் சத்தம் ஏறியது. காற்று கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கியது. மூக்கு எழும்புகிறது. எழும்புகிறது. கண்ணை மூடினேன். ஸஃப்னாவின் முகம் வந்தது. நஜாத்தின் முகமும் வந்தது.

மூக்கு இறங்கியது. இறங்கி, அங்கேயே இருந்துவிட்டது.

கண்ணைத் திறந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் பறக்கிறது. போட் அசையவில்லை. நான் எந்த நாளும் திருகத் துணியாத அளவுக்கு அவள் திருகிக்கொண்டிருக்கிறாள். இடுப்பை ஆட்டவில்லை. கிளாஸில் தேத்தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியதே தவிர ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஸியாத் அதைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். ஓடுகிற ஓட்டத்தில்.

சந்தோசப்படுவதா, கவலைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. போட் தப்பியது. ஆனால் பேர் அவளுக்குப் போகிறது. நான் திட்டம் போட்டது பழியைக் கொடுக்க, பேரைக் கொடுக்க இல்லை. இதை உடனே சரிப்படுத்த வேண்டும். எழும்பினேன். மனேஜரிடம் கிட்டப் போய், இந்த போட்டை இப்படி அடக்கி எடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்லலாம் என்று பின்னுக்கு இரண்டு அடி வைத்தேன்.

டபார்.

மூக்கு ஆகாயம் பார்த்தது. நான் ஸியாதின் மடியில் இருந்தேன். மிச்சத் தேத்தண்ணீர் என் புதுச் சேட்டில் இருந்தது. நிஃப்லா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். திரும்ப எழும்பியது, திரும்ப விழுந்தது.

ஆசியா உம்மா எஞ்சினைக் குறைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பாரம் ஏன் பின்னுக்கு வருது?" என்றாள். "போய் முன்னுக்கு இரிங்க."

நான் தவழ்ந்து போய் முன்னுக்கு இருந்தேன். திரும்பத் திருகினாள். தண்ணீருக்கு இஸ்திரி போட்ட மாதிரிப் போட் போனது.

"என்ன ராத்தா அது?" என்றார் ஸியாத்.

"ஒண்டுமில்ல தம்பி. நோய் போட்டில இல்ல, பாரத்திலதான். முன்னுக்கு வெச்சா சொகமாகும். அலியார் நேத்து மஃரிபுக்குப் பொறகு வந்து எஞ்சினையும் உள்ளுக்கு ஒரு ஓட்டை எடுத்துப் பூட்டித் தந்தார்."

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பாரம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. எனக்கு எதைத் தந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

கரைக்கு வந்ததும் ஸியாத் ஆசியா உம்மாவிடம் சொன்னார்: "சீசன் முழுக்க நீங்கதான் ராத்தா." பிறகு என்னைப் பார்த்தார். சேட்டைப் பார்த்தார். "நாநாவும் வருவாரா?"

"அவர் வராட்டி போட் ஓடாது" என்றாள் ஆசியா உம்மா.

அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு ஐந்தாறு அடி நடந்த பிறகுதான் அது எந்த வகைப் புகழ்ச்சி என்று யோசித்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன்.

"நேத்துக் குடையோட அலியாரிட்டயா போன?"

"உப்பு ஏன் கடலுக்குப் போகுதெண்டு கத்தரினா என்னட்டக் கேட்டா. எனக்கும் ஆரிட்டயாவது கேக்க வேண்டி வந்திச்சி."

"அவன் என்ன சென்ன?"

"ஒங்கள எங்க வைக்கணும் எண்டு சென்னார்."

"இதை நேரா என்னட்டச் செல்லியிருக்கலாமே ஆசியா."

"செல்லியிருந்தா முன்னுக்குப் போயிருப்பீங்களா?"

நான் சேட்டில் காய்ந்த தேத்தண்ணீரைச் சுரண்டிக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போகிறோம். அவள் எஞ்சினில், நான் அணியத்தில். நஜாத் வேறு போட் வாங்கிக்கொண்டார். வருகிற ஆட்களுக்கு நான் எழும்பி நின்று டொல்பினைக் காட்டுகிறேன், கடல் கதைகள் சொல்கிறேன், தமிழ் விளங்காதவர்களுக்கும் சொல்கிறேன். மெல்ல மெல்ல எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பாரம் என்றால் என்ன, நான் இல்லாமல் இந்த போட் ஒரு அடி நகராது. அது மெய்தானே.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். எழும்ப ஏலவில்லை. அன்றைக்கு லொட்ஜில் பெரிய கூட்டம் என்று தெரியும். பாயில் கிடந்து நான் பட்ட கவலை கொஞ்சமில்லை. போட் துள்ளும், ஆட்கள் பயப்படுவார்கள், ஸியாத் வேறு போட்டைப் பிடிப்பார், எல்லாம் என் ஒருவனின் காய்ச்சலால். பகலாகியும் அவளைக் காணவில்லை. காய்ச்சல் இன்னும் ஏறியது.

கேற் திறக்கிற சத்தம் கேட்டது. பாயில் இருந்தபடியே கேட்டேன்.

"ஓட்டமெல்லாம் நிப்பாட்டியாச்சா?"

"ஏன் நிப்பாட்ட? ஓடினம்."

"நான் இல்லாமலா? துள்ளல்லயா?"

"முன்னுக்குத் தண்ணிக் கேன் நாலு வெச்சம். அசையல்ல."

நான் போர்வையை விலக்கிவிட்டு எழும்பி இருந்தேன்.

"ஆக்கள் ஒண்டும் கேக்கல்லயா, என்னைப் பத்தி?"

ஆசியா உம்மா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் விட்டிருந்தது.

"கேக்கல்ல. முன்னுக்கு இருந்தது குறுக்க எழும்பாததால இண்டைக்குத்தான் டொல்பின் வடிவாத் தெரிஞ்சதாம்."